கருஞ்சீரக எண்ணெயை முகத்துல நேரா தடவலாமா? போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

அந்திமல்லி (இழையைத் தொடங்கியவர்)
எல்லாருக்கும் வணக்கம். பழைய இழைகள்ல தேடிப் பார்த்தேன், கருஞ்சீரக எண்ணெய்னா எல்லாரும் தலைமுடியைப் பத்தியே பேசியிருக்காங்க. தோலுக்குன்னு யாரும் விரிவா எழுதல. அதான் புதுசா ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ரெண்டு பிரச்சினை. தாடைப் பக்கம் பரு வந்து வந்து போகுது, போற இடத்துல எல்லாம் கறுப்பா தடம் விட்டுட்டுப் போகுது. இது ஒண்ணு. இன்னொண்ணு கை. பாத்திரம் கழுவுறது, சானிடைசர்னு விரல் இடுக்கெல்லாம் வறண்டு, வெடிச்சு, ராத்திரியில அரிக்குது. டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் குடுத்தார். போட்டா அடங்குது, நிறுத்தினா திரும்பி வருது.

ஒரு வீடியோவுல, படுக்கப் போறப்ப சுத்தமான கருஞ்சீரக எண்ணெயை முகம் முழுக்க அப்படியே தேச்சுட்டுத் தூங்கினா ஒரே வாரத்துல தடம் மறையும்னு சொல்றாங்க. கீழே கமெண்ட்ல பாதிப் பேர் ஆகா ஓகோன்னு சொல்றாங்க, பாதிப் பேர் எரியுதுன்னு சொல்றாங்க. எதை நம்புறது?

கீச்சுக்குருவி
கண்ணை மூடிட்டு வாங்குங்க அக்கா. எங்க வீட்ல எல்லாரும் போடுறோம். பரு, தடம், சுருக்கம், அரிப்பு, பொடுகு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்.

சந்தேகராசா
எல்லாத்துக்கும் நல்லதுன்னு ஒண்ணைச் சொன்னா எனக்கு உடனே மூக்கு வேர்த்துடும். எதுக்கு, எவ்வளவு, எத்தனை நாள்? இந்த மூணையும் சொல்லாம "போடுங்க போடுங்க"ன்னா என்ன அர்த்தம் குருவி?

களிம்புக்கடை
சோப்பும் க்ரீமும் செய்யறவன் நான். இந்த எண்ணெயை ரொம்ப நாளா கையாளுறேன், பிடிக்கும். அதனாலயே சொல்றேன்: அந்த வீடியோ சொல்ற மாதிரி செய்யாதீங்க.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம். விதையைப் பிழிஞ்சா வர்றதுல பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பு எண்ணெய்தான். அதுல பாதிக்கு மேல லினோலெயிக் அமிலம், அடுத்து ஒலெயிக், அப்புறம் கொஞ்சம் பால்மிடிக், மூணுமே கொழுப்பு அமில வகைகள். அந்த வகையில இது சூரியகாந்தி எண்ணெய்க்குப் பங்காளி முறை. தோலோட மேலடுக்குல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல செராமைடுன்னு ஒரு கொழுப்பு பூச்சு இருக்கு. அதுல முக்கியமான ஒரு வகை உருவாக லினோலெயிக் அமிலம் வேணும். வறண்ட தோலுக்கு இது இதமா இருக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். இந்தப் பாதி நன்மை நல்ல சூரியகாந்தி எண்ணெயிலயும் கிடைக்கும்னு சொன்னா சில பேருக்குக் கோவம் வரும், பரவாயில்ல.

மீதிப் பாதிதான் கருஞ்சீரகத்துக்கே உரியது. விதையில ஆவியாகற எண்ணெய் கொஞ்சம் இருக்கு, விதை எடையில 2 சதவீதத்துக்கு முன்னப்பின்ன. மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்துதே, ஓமமும் மிளகும் சேர்ந்த மாதிரி ஒரு காரவாடை, அது இதுதான். அதுக்குள்ள தைமோகுயினோன், பாரா-சைமீன், கார்வக்ரோல் எல்லாம் இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க துரத்தறது தைமோகுயினோனை. ஆய்வகத்துல வீக்கத்தைக் குறைக்குது, சில பாக்டீரியா, பூஞ்சைகளை அடக்குது. ஆனா தோலை எரிச்சல்படுத்தறதும், சில பேருக்கு ஒவ்வாமையைக் கிளப்பறதும் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். குணத்தை மட்டும் தனியா உருவி எடுக்க முடியாது. அதனாலதான் அளவு முக்கியம்னு அடிச்சுக்கறேன்.

மருந்துச்சீட்டு
நான் மருந்தாளுநர். களிம்புக்கடை சொன்னதோடு, மனிதர்கள் மேல் செய்து பார்த்த சோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். அந்திமல்லியின் கைப் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று இருக்கிறது.

2013-இல் வெளியான ஈரானிய ஆய்வு. கையில் எக்ஸிமா (வறண்டு அரிக்கும் தோல் அழற்சி) உள்ள 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கருஞ்சீரகக் களிம்பு, ஒரு குழுவுக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு குழுவுக்கு யூசரின் என்ற வெறும் ஈரப்பதக் களிம்பு. தினம் இரண்டு வேளை, 4 வாரம். முடிவில் கருஞ்சீரகக் குழுவும் ஸ்டீராய்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இரண்டுமே வெறும் களிம்பைவிட மேல்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழுவுக்குச் சுமார் 20 பேர், ஒரே மாதம். அதோடு அவர்கள் தடவியது அளவு பார்த்துச் செய்த களிம்பு. பாட்டில் எண்ணெயை அப்படியே ஊற்றித் தேய்க்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2002-இல் அடோபிக் எக்ஸிமாவுக்குக் கருஞ்சீரகக் களிம்பைச் சோதித்தபோது, மருந்தே இல்லாத வெறும் களிம்பைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. விளம்பரங்களில் முதல் ஆய்வு மட்டும் வரும், இரண்டாவது வராது.

பருவுக்கு 2020-இல் ஒரு சோதனை வந்திருக்கிறது, அதுவும் ஈரானில். கருஞ்சீரகத்திலிருந்து செய்த ஹைட்ரோஜெல்லையும் மருந்தில்லாத ஜெல்லையும் ஒப்பிட்டார்கள். கருஞ்சீரக ஜெல் போட்டவர்களுக்குப் பரு நன்றாகவே குறைந்தது. இங்கேயும் கவனியுங்கள்: அது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல். எண்ணெயாகத் தடவினாலும் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது.

கீச்சுக்குருவி
//எதுக்கு, எவ்வளவு, எத்தனை நாள்?//
சாவைத் தவிர எல்லாத்துக்கும் மருந்துன்னு நபிமொழியே இருக்கு சகோ. அந்தக் காலத்து மருத்துவர் இப்னு சீனாவும் எழுதியிருக்கார். சித்தர் பாட்டுலயும் கரப்பானுக்கும் புண்ணுக்கும் கருஞ்சீரகம் வருது. அத்தனை பேரும் சும்மாவா சொல்லியிருப்பாங்க?

பிறைக்கீற்று
குருவி, அந்த ஹதீஸை நம்பறவன்தான் நானும். ஆனா புகாரிங்கற ஹதீஸ் தொகுப்புல அது வர்ற இடத்தை முழுசாப் படிங்க. உடம்பு முடியாம இருந்த ஒருத்தருக்காகச் சொல்றாங்க: அஞ்சோ ஏழோ விதையை எடுத்து நசுக்கி, எண்ணெயோட சேர்த்து மூக்குல சொட்டு விடச் சொல்லித்தான் இருக்கு. அதாவது எண்ணிக்கை இருக்கு, கலக்கறதுக்கு வேற எண்ணெய் இருக்கு, எங்கே விடணும்னு இடமும் இருக்கு. சந்தேகராசா கேட்டதுல ரெண்டு கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கு பாருங்க. "அள்ளி முகத்துல பூசு"ன்னு எங்கேயும் இல்ல.

சந்தேகராசா
அடடா, இது எனக்கே தெரியாத விஷயம். நன்றி பாய்.

கடலோடி
அந்த எரிச்சல் கமெண்ட்டுகளை லேசா எடுத்துக்காதீங்கம்மா. என் தம்பி கன்னத்துலயும் கழுத்துலயும் கலக்காம தேச்சான், "சுத்தமான எண்ணெய், ரசாயனம் இல்ல"ன்னு பாட்டில்ல போட்டிருந்ததாம். முதல் ரெண்டு ராத்திரி ஒண்ணும் ஆகல, லேசா சூடா இருக்குன்னு மட்டும் சொன்னான். அப்புறம் ஒரு நாள் காலையில பார்த்தா கண் இமை வீங்கி, கன்னம் செக்கச்செவேல்னு தடிச்சு, காதோரத்துல கடுகு கடுகா நீர்க்கொப்புளம். எண்ணெய் வழிஞ்ச பாதை அப்படியே கோடு கிழிச்ச மாதிரி கழுத்து வரைக்கும் சிவந்திருந்துச்சு. தோல் டாக்டர் பார்த்த உடனே "என்ன தடவின?"ன்னுதான் கேட்டார். கொப்புளம் ஆறிப்போச்சு, ஆனா கன்னத்துல படர்ந்த கருமை போக மாசக்கணக்காச்சு. அவன் போட்டதே பருத் தடம் போகறதுக்குத்தான்.

மருந்துச்சீட்டு
கடலோடி, உங்கள் தம்பிக்கு வந்தது தொடு ஒவ்வாமை போலத்தான் தெரிகிறது. முதல் சில தடவை ஒன்றும் ஆகாமல் இருந்து பிறகு வெடிப்பதுதான் அதன் இயல்பு. உடம்பு அந்தப் பொருளை முதலில் அடையாளம் கண்டுகொள்கிறது, சண்டை பிறகுதான். அதனால் "நேற்றுப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

கருஞ்சீரக எண்ணெயால் தொடு ஒவ்வாமை வந்ததாக 1990-களின் கடைசியிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பிரான்சிலிருந்து வந்தவை கொஞ்சம் கடுமையானவை: கொப்புளம் பரவி, தோல் உரிந்து, முதலில் மருந்தால் வரும் தீவிர ஒவ்வாமையோ என்று மருத்துவர்களே சந்தேகப்படும் அளவுக்குப் போயிருக்கின்றன. இவை அபூர்வம்தான், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இதைத் தடவி முகம் சிவந்தால் "நச்சு வெளியேறுகிறது" என்று யாராவது சொல்வார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு, கொப்புளமோ வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அந்திமல்லி
படிக்கவே பயமா இருக்கு. சரி, கைக்கு ஏதோ ஆதாரம் இருக்குன்னு புரியுது. தடத்துக்கு? அதுக்குத்தானே எல்லாரும் வாங்கறாங்க?

சந்தேகராசா
தடத்தைப் பத்தித் தேடினப்ப ஒரு வேடிக்கையைப் பார்த்தேன். ஒரு பக்கம், தைமோகுயினோன் மெலனின்ங்கற தோல் நிறமியோட உற்பத்தியைக் குறைக்குதுன்னு எலி செல்லுலயும் வரிக்குதிரை மீனுலயும் செஞ்ச ஆய்வு. "கருமை போக்கும்"னு விக்கறவங்க இதைக் காட்டறாங்க. இன்னொரு பக்கம், சுவர்ப் பல்லியோட தோல்ல கருஞ்சீரகச் சாறையும் தைமோகுயினோனையும் வெச்சுப் பார்த்த ஆய்வு. அங்கே நிறமிச் செல்லுக்குள்ள மெலனின் பரவி, தோல் கருக்குது! வெண்புள்ளிக்கு விக்கறவங்க இதைக் காட்டறாங்க. ஒரே பாட்டில், ஒரு அலமாரியில வெளுக்க, அடுத்த அலமாரியில கருக்க. மீனையும் பல்லியையும் உக்கார வெச்சுப் பேசித் தீர்த்துக்கச் சொல்லணும்.

களிம்புக்கடை
சிரிச்சுட்டேன் ராசா. ஆனா விஷயம் சரிதான். தடத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அந்திமல்லி, பரு போன இடத்துல வர்ற கருமை, வீக்கத்துக்குத் தோல் காட்டற எதிர்வினை. நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோலுக்கு இது கூடுதலாவே வரும். எதைப் போட்டு எரிச்சல் வந்தாலும் தடம் இன்னும் கருக்கும். கடலோடி தம்பிக்கு நடந்தது அதுதான். தினம் சன்ஸ்கிரீன் போடுங்க, பருவைக் கிள்ளாதீங்க, வேணும்னா அசெலாயிக் அமிலமோ நியாசினமைடோ சேர்த்துக்குங்க. இதுக்குப் பல மாசம் ஆகும், ஒரு வாரத்துல எதுவும் மறையாது. ஒரு வாரத்துல மறைஞ்சுதுன்னா அந்தக் க்ரீமுக்குள்ள சொல்லாம ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு முதல்ல சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு. கருஞ்சீரக எண்ணெய்ல "இயற்கையான எஸ்.பி.எஃப்" இருக்குன்னு சுத்திக்கிட்டிருக்கு. எந்தச் செடி எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது. எண்ணெயை மட்டும் பூசிட்டு வெயில்ல போனா தடம் கருக்கறதுதான் மிச்சம்.

வெண்மேகம்
வெண்புள்ளி பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன். எனக்கு விரல்லயும் உதட்டோரத்துலயும் இருக்கு. இதுக்கும் ஒரு ஈரானிய ஆய்வு இருக்கு, 2014-ல வந்தது. 52 பேர், பாதிப் பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய், பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், ரெண்டையும் தோல்ல தடவி 6 மாசம். வெண்புள்ளி பரப்பை அளக்க ஒரு மதிப்பெண் இருக்கு, குறைஞ்சா நல்லது. கருஞ்சீரகக் குழுவுல 4.98-லேர்ந்து 3.75-க்கு வந்துச்சு. மீன் எண்ணெய்ல 4.98-லேர்ந்து 4.62.

அதாவது ஆறு மாசத்துல கால் பங்கு. மறைஞ்சு போச்சுன்னு யாரும் சொல்லல. என் டாக்டர்கிட்ட காட்டினேன், டாக்ரோலிமஸ் களிம்பையும் ஒளி சிகிச்சையையும் நிறுத்தாம, கூட வேணும்னா நீர்க்க விட்டுப் போட்டுக்கன்னார். ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார், அதுதான் முக்கியம்: வெண்புள்ளி உள்ளவங்களுக்குத் தோல்ல காயமோ எரிச்சலோ பட்ட இடத்துல புதுசா வெள்ளை வரலாம். கெப்னர் விளைவுன்னு சொல்வாங்க. ஆக மத்தவங்களுக்கு எண்ணெய் சுட்டா கருமை, எங்களுக்குச் சுட்டா இன்னொரு வெள்ளை. நான் விரல்ல மட்டும், கலந்து போடறேன். ஓரங்கள்ல புள்ளி புள்ளியா நிறம் வருது. எண்ணெயாலயா, ஒளி சிகிச்சையாலயான்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, சொல்லவும் மாட்டேன்.

கீச்சுக்குருவி
சரி, நான் தோத்தேன்னு வெச்சுக்குங்க :) ஆனா எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அது எப்படி?

களிம்புக்கடை
பாட்டிலுக்குப் பாட்டில் தைமோகுயினோன் அளவு பல மடங்கு மாறும் குருவி. விதை எங்கே விளைஞ்சது, எப்படிப் பிழிஞ்சாங்க, எவ்வளவு நாள் வெளிச்சத்துல இருந்துச்சுன்னு எல்லாத்தையும் பொறுத்தது. தைமோகுயினோன் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் சிதையும். உங்க வீட்டுது மென்மையான எண்ணெயா இருக்கலாம். உங்க தோல் எல்லாம் ஒத்துக்கற ரகமாவும் இருக்கலாம். தோத்ததா நினைக்காதீங்க, உங்களுக்கு ஒத்துக்கிட்டா போட்டுக்குங்க.

அந்திமல்லிக்கு வாங்கறப்ப பார்க்க வேண்டியதைச் சொல்லிடறேன். லேபிள்ல கருஞ்சீரகத்தோட அறிவியல் பேரான நிஜெல்லா சட்டைவா விதை எண்ணெய்னு இருக்கணும். ஷாஹி ஜீரா வேற செடி, வெங்காய விதை வேற செடி, பார்க்க எல்லாம் கறுப்பா இருக்கும். குளிர் அழுத்தத்துல பிழிஞ்சதா இருக்கணும். அடர்ந்த கண்ணாடி பாட்டில், பிழிஞ்ச தேதி. திறந்தா காரவாடை வரணும். வாடையே இல்லாம வெளிர் மஞ்சளா இருந்தா சுத்திகரிச்சதோ, வேற எண்ணெய் கலந்ததோ. பழைய கிரையான், பெயின்ட் மாதிரி வாடை வந்தா ஊசிப்போச்சு. லினோலெயிக் நிறைய உள்ள எண்ணெய் சீக்கிரம் ஊசும், ஊசின எண்ணெய் தோலை இன்னும் எரிக்கும்.

ரெண்டு பொருள்கிட்ட உஷாரா இருங்க. ஒண்ணு, ஆவியில வடிச்ச கருஞ்சீரக வாசனை எண்ணெய். சின்ன பாட்டில்ல வரும், அதுல கொழுப்பே கிடையாது, முழுக்க அந்தக் காரப் பகுதிதான். அதைச் சொட்டு கூட நேரா தோல்ல வைக்கக் கூடாது. இன்னொண்ணு, கார்பன் டை ஆக்சைடு வெச்சுப் பிரிச்ச சாறு. அதுவும் பிழிஞ்ச எண்ணெயைவிட வீரியம். லேபிள்ல தைமோகுயினோன் சதவீதம் கூடுதலா போட்டிருந்தா உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு வாங்கறாங்க. தோலுக்கு வாங்கினா அது கூடுதலா நீர்க்க விடணும்ங்கற தகவல், அவ்வளவுதான்.

கலக்கற விகிதம்: கைக்கு ஒரு பங்கு கருஞ்சீரக எண்ணெய், ஒன்பது பங்கு சூரியகாந்தி எண்ணெயோ வாசனையில்லாத தடிச்ச க்ரீமோ. முகத்துக்குப் போட்டே ஆகணும்னா அதுல பாதி. நான் செய்யற முக க்ரீம்ல 2 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். இதுக்குச் சட்டம்னு ஒண்ணும் இல்ல, என் கை அனுபவம். ஆலிவ் எண்ணெய்ல கலக்காதீங்க. அதுல ஒலெயிக் அதிகம், அதைத் தடவித் தடவிப் பார்த்த ஆய்வுல தோலோட தடுப்புச் சுவரே பலவீனமாச்சு. சூரியகாந்தி எண்ணெய்ல அப்படி ஆகல.

அந்திமல்லி
பேட்ச் டெஸ்ட்னா காதுக்குப் பின்னாடி ஒரு நாள் வெச்சுப் பார்க்கறதுதானே?

மருந்துச்சீட்டு
ஒரு நாள் போதாது. கடலோடியின் தம்பி ஒரு நாள் சோதனையில் தேறியிருப்பார், யோசித்துப் பாருங்கள். போடப்போகும் கலவையையே, நேர் எண்ணெயை அல்ல, முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவுக்கு, காலையும் மாலையும், அதே இடத்தில் 7 முதல் 10 நாள் வரை போடுங்கள். சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம் எது வந்தாலும் அதோடு விட்டுவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால் கைக்குப் போகலாம். வெடிப்பிலிருந்து நீர் கசிந்தாலோ ரத்தம் வந்தாலோ அது ஆறும்வரை வேண்டாம். உடைந்த தோல் எதையும் ஆழமாக உள்ளே விடும்.

ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். "நிறுத்தினால் திரும்ப வருகிறது" என்றீர்களே, பெரும்பாலும் ஈரப்பதக் களிம்பு போதாமல், தூண்டும் பொருள் தொடர்வதால் வருவது அது. பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை. கழுவி முடித்த கை ஈரமாக இருக்கும்போதே தடிச்ச களிம்பு. கருஞ்சீரகம் இதற்கு மேல் சேர்க்கும் ஒரு கூடுதல் உதவி. உறை இல்லாமல் எண்ணெய் மட்டும் போட்டால், மறுநாள் சோப்பு அத்தனையையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

புல்நுனி
நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிக்கணும். விதையை இடிச்சு வேற எண்ணெய்ல போட்டுக் காய்ச்சி வடிகட்டினா அதே எண்ணெய்தானே? நான் அப்படித்தான் செய்யறேன்.

களிம்புக்கடை
அதே எண்ணெய் இல்ல. கொதிக்கக் காய்ச்சினா ஆவியாகற பகுதி பாதி அடுப்புலயே போயிடும், வீடு மணக்கறதே அதுதான். மிச்சம் உங்க அடிப்படை எண்ணெய், கொஞ்சம் கருஞ்சீரகச் சாரம். வீரியம் குறைவு, அதனால எரிச்சலும் குறைவா இருக்கலாம். விதைத் துகள் கருகாம, தண்ணி சேராம பார்த்துக்குங்க. ஆய்வுல சொன்ன பலனை மட்டும் அதுல எதிர்பார்க்காதீங்க.

மணல்வீடு
தேமலுக்குப் போடலாமா? முதுகு முழுக்க இருக்கு. பூஞ்சையை அழிக்கும்னு போட்டிருக்கே?

மருந்துச்சீட்டு
வேண்டாம். தேமலுக்குக் காரணமான மலாசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது. ஆய்வகத் தட்டில் தைமோகுயினோன் சில பூஞ்சைகளை அடக்கினாலும், முதுகில் நீங்கள் தடவுவது பெரும்பகுதி கொழுப்பு. அது அந்த ஈஸ்டுக்கு விருந்து வைப்பதுபோல் ஆகலாம். கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு ஷாம்பூ போதும். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வரும் "பரு"வும் பல நேரம் இதே ஈஸ்ட்தான். அவர்களும் எந்த எண்ணெயும் போடக் கூடாது. படர்தாமரைக்கும் பூஞ்சை மருந்துதான்.

மட்டுறுத்துநர்
இரண்டு விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஒன்றில் "சோரியாசிஸ் 15 நாளில் வேரோடு போகும்" என்று இருந்தது. இங்கே இணைப்பு போட்டு விற்க வேண்டாம்.

சந்தேகராசா
சோரியாசிஸுக்கு எலி வால்ல செஞ்ச ஆய்வைத்தான் இவங்க எல்லாம் காட்டறாங்க. மனுசனுக்கு வால் இல்லைங்கறதை யாரும் கவனிக்கல.

கீச்சுக்குருவி
குடிச்சா தோலுக்கு உள்ளேர்ந்து நல்லதுன்னு சொல்றாங்களே? எங்க அம்மா தினம் ஒரு ஸ்பூன் குடிக்கறாங்க. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுக்கறாங்க.

மருந்துச்சீட்டு
அம்மா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கருஞ்சீரக எண்ணெய் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கும் தன்மை கொண்டது. மாத்திரையோடு சேர்ந்தால் இரண்டும் தேவைக்கு மேல் இறங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் கவனம் தேவை. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளையும் இது மந்தப்படுத்துகிறது. அறுவைச் சிகிச்சை இருந்தால் 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். கர்ப்பிணிகள் எண்ணெயாகக் குடிக்க வேண்டாம். அம்மாவுக்கு மயக்கம், வியர்வை, நடுக்கம் வருகிறதா என்று கேளுங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு எண்ணெய் என்று எழுதிக்கொண்டு போய் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். தோலுக்காகக் குடிப்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

கீச்சுக்குருவி
காலையில எழுந்ததும் தலை சுத்துதுன்னு சொல்லிட்டுதான் இருக்காங்க. வயசுன்னு நினைச்சோம். இன்னிக்கே கேக்கறேன். நன்றிங்க.

நிலாச்சோறு
பத்து மாசக் குழந்தைக்குக் கன்னத்துல கரப்பான். கலந்து போடலாமா?

களிம்புக்கடை
வேண்டாம்மா. குழந்தை தோல் மெல்லிசு, கையை வாயில வைக்கும், கண்ணைத் தேய்க்கும். வாசனையே இல்லாத களிம்பு, வெதுவெதுப்பான தண்ணியில சுருக்கமா குளியல், மீதி குழந்தை டாக்டர்.

அந்திமல்லி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முகத்துக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், கைக்கு மட்டும் கலந்து போட்டுப் பார்க்கறேன். உறை வாங்கியாச்சு. கடைசியா ஒரு சந்தேகம்: எண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், இன்னிக்குப் பார்த்தா கலங்கலா, அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு. கெட்டுப்போச்சா?

களிம்புக்கடை
இல்ல. குளிர்ல பால்மிடிக் மாதிரி கெட்டியான கொழுப்பும் மெழுகும் உறையும். வெளியே எடுத்து வெச்சா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். அடுப்புலயோ சுடுதண்ணியிலயோ வைக்காதீங்க. திறந்த தேதியை பாட்டில்ல எழுதி ஒட்டிடுங்க, ஆறு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க. அப்புறம், கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாவே கலங்க. மொத்தமா கலந்து வெச்சா அதுவும் ஊசும்.